கணக்கில் மைனஸ் 2,360: போலீஸ் வருமா, வங்கி விட்டுவிடுமா?

நவம்பர் 9, 2025, காலை
கேள்வி, கொண்டலாம்பட்டியிலிருந்து தறி உரிமையாளர் ஒருவர்:

என் நடப்புக் கணக்கில் இருப்பு மைனஸ் 2,360 ரூபாய் என்று காட்டுகிறது. நான் காசோலை எதுவும் கொடுக்கவில்லை, பணமும் எடுக்கவில்லை. தறிக்கடன் வேறொரு வங்கியில் இருக்கிறது. அதன் மாதத் தவணை இந்தக் கணக்கிலிருந்துதான் தானாகப் போகும். இல்லாத பணத்தை எடுத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிறார் பக்கத்துத் தறிக்காரர். இரண்டாயிரம் ரூபாய்க்காக எந்த வங்கியும் வீடு தேடி வராது, கணக்கை அப்படியே விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாகத் தொடங்கிக்கொள் என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி?

நவம்பர் 9, பிற்பகல்
இருவர் சொல்வதும் சரியில்லை. கணக்கில் இருப்பதற்கு மேல் பற்று வைக்கப்பட்டால், அந்த வித்தியாசம் நீங்கள் வங்கிக்குத் தர வேண்டிய கடன். கடனைத் திருப்பித் தராமல் இருப்பது உரிமையியல் விவகாரம். பொய் ஆவணம் காட்டியோ ஏமாற்றும் எண்ணத்துடனோ பணம் பெற்றிருந்தால் ஒழிய, அதற்காக உங்களைக் காவல் நிலையத்துக்கு அழைக்க முடியாது. கடன் என்பதாலேயே, நீங்கள் வேறு வங்கிக்குப் போனதும் அது அழிந்துவிடவும் செய்யாது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கும் மண்டிகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். நான் பார்த்தவரை, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு ஒருவரை இழுத்துக்கொண்டு போவது மைனஸ் இருப்பு அன்று. பணமில்லாத கணக்கின் மேல் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையும், தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி இப்போதெல்லாம் தாளே இல்லாமல் கொடுத்துவிடுகிற தானியங்கு அனுமதியும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஆகையால் மைனஸ் எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் மேற்கொண்டு சொல்ல இயலாது. செப்டம்பர் முதல் இன்று வரையிலான கணக்கு அறிக்கையின் வரிகளை, கணக்கு எண்ணை மறைத்துவிட்டு, இங்கே இடுங்கள்.

நவம்பர் 9, இரவு
இதற்குள் அம்மாப்பேட்டை அன்பர் ஒருவர், "சேமிப்புக் கணக்கு மைனஸில் போகவே கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறார். விதி இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கும் அளவுக்கு அகலமானது அன்று. 2014 நவம்பரில் வந்து 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சுற்றறிக்கை, குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணத்தால் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கின் இருப்பு மைனஸாகக் கூடாது என்கிறது. தவணை திரும்பிய கட்டணம், காசோலை திரும்பிய கட்டணம் ஆகியவற்றை அது தொடவில்லை. நடப்புக் கணக்கைப் பற்றியும் அது பேசவில்லை. எனவே கேள்வி கேட்ட தறிக்காரருக்கு இதனால் உதவி இல்லை. பேரப்பிள்ளையின் படிப்புப் பணத்துக்காகத் தொடங்கி மறந்துவிட்ட சேமிப்புக் கணக்கு மைனஸில் கிடப்பதாகச் சொல்லும் பாட்டிமாருக்கு நிச்சயம் உதவி உண்டு.

நவம்பர் 10
அறிக்கை வந்துவிட்டது, நன்றி. செப்டம்பர் 5, செப்டம்பர் 10, அக்டோபர் 5, அக்டோபர் 10 ஆகிய நான்கு தேதிகளில் ஒரே மாதிரி வரி இருக்கிறது: தவணை 11,400 கேட்கப்பட்டது, இருப்பு போதாமல் திரும்பியது, அடுத்த வரியில் 590 ரூபாய் பற்று. கட்டணம் 500, அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 90. நான்கு முறை 590 என்றால் சரியாக 2,360. கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லாத நிலையில் நான்கும் விழுந்திருக்கின்றன. அவ்வளவுதான் உங்கள் மைனஸின் வரலாறு.

ஒரே தவணையை மாதத்தில் இருமுறை அனுப்பியது கடன் கொடுத்த வங்கி; இருமுறையும் கட்டணம் பிடித்தது கணக்கு வைத்துள்ள வங்கி. கடன் கொடுத்த வங்கி தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணத்தைக் கடன் கணக்கில் ஏற்றியிருக்கும். அந்தக் கணக்கின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் தலைவலியில் இந்த 2,360 மிகச் சிறிய பகுதி. செலுத்தாமல் நிற்கும் தவணைகளே பெரிய பகுதி.

நவம்பர் 10, சற்று நேரம் கழித்து
அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை. "திங்களன்று வசூல் வந்ததும் போட்டுவிடலாம் என்றிருந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டு 1 முதல் தானியங்குத் தவணை முறை வாரத்தின் ஏழு நாட்களும் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பது இப்போது வங்கி ஊழியர் மட்டுமே, வங்கிக் கணினி அன்று.

நவம்பர் 11
"காசோலை திரும்பினால்தானே வழக்கு, நான் காசோலையே கொடுக்கவில்லையே" என்கிறார் தறிக்காரர். இந்த எண்ணம் மிகவும் பரவலானது. 2007-ஆம் ஆண்டின் கொடுப்பு மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, கடனைத் தீர்ப்பதற்காக நீங்கள் அனுமதித்த மின்னணுப் பணமாற்றம் இருப்பு போதாமல் நிறைவேறாவிட்டால், காசோலைக்கு உள்ள அதே தண்டனையை விதிக்கிறது: 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் நீங்கள் பணத்தைச் செலுத்திவிட்டால் குற்றமே உண்டாகாது.

உங்களுக்கு அத்தகைய அறிவிப்பு வரவில்லை என்கிறீர்கள், நல்லது. இருந்தாலும் பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பும் பழக்கம் வீட்டில் யாருக்கேனும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சரியான முகவரிக்கு அனுப்பப்பட்ட அறிவிப்பைப் பெற மறுத்தால், அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். 2007-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியபோது, அறிவிப்பு உண்மையாகவே கிடைக்காதவர் அழைப்பாணை வந்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டித் தப்பலாம் என்ற வாசலையும் திறந்து வைத்தது.

நவம்பர் 12
காசோலையைப் பற்றியும் கேட்டுவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் இது தினசரிப் பேச்சு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஓராண்டாக இருந்த சிறைத் தண்டனை பின்னர் 2 ஆண்டாக உயர்ந்தது. காசோலை எழுதிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போடப்பட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவலுக்குப் பின் 30 நாளில் அறிவிப்பு. அறிவிப்பு கிடைத்தபின் 15 நாள் அவகாசம். அந்த அவகாசம் முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த ஒரு மாதம் தவறினால் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். முதல் முறை திரும்பியபோது வழக்குப் போடாமல் விட்டவர், காசோலை உயிரோடு இருக்கும் காலத்துக்குள் அதை மறுபடி போட்டு, மறுபடி திரும்பினால் அதன் பேரில் வழக்குத் தொடரலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் அறிவிப்புக் காலம் கடந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் கடனுக்கு வெள்ளிப் பாளம் எடுக்கும்போது, தொகையும் தேதியும் எழுதாத காசோலையில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். "நிரப்பியது நான் இல்லை" என்ற வாதம் இனி அதிக தூரம் போகாது. விரும்பிக் கொடுத்த வெற்றுக் காசோலை என்றாலும், கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்க வேண்டிய பொறுப்பு கையெழுத்திட்டவர் மேல் விழுகிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் 2018 முதல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பணம் போதாமல் போனதால் திரும்பிய காசோலை மட்டும் இதில் அடங்கும் என்று எண்ணிக்கொண்டு, "பணம் கொடுக்க வேண்டாம்" என்று வங்கிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த உபாயத்தையும் உச்ச நீதிமன்றம் 1998-லேயே அடைத்துவிட்டது.

நவம்பர் 12, இரவு
மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் காசோலையில் கையெழுத்திட்டவர்தான் 138-க்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கில் பெயர் இருப்பதனால் மட்டும் மனைவியைக் குற்றவாளியாகச் சேர்க்க முடியாது. ஆனால் கணக்கு மைனஸில் இருந்தால், அந்தக் கடன் கணக்குத் தொடங்கும் படிவத்தில் கையெழுத்திட்ட இருவரையும் தொடும். குற்றமும் கடனும் வேறு வேறு என்று முதல் நாள் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 14
"எங்கள் மேலாளர் நல்லவர், பணம் இல்லாவிட்டாலும் காசோலையைப் பாஸ் செய்துவிட்டு நான்கு மணிக்குள் கட்டச் சொல்லித் தொலைபேசுவார்" என்று லீ பஜார் மஞ்சள் வியாபாரி ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குத் தற்காலிக மிகைப்பற்று என்று பெயர், வங்கியில் டி.ஓ.டி. என்பார்கள். வங்கி பாஸ் செய்த கணமே அது உங்களுக்குக் கடன் கொடுத்ததாகிறது. வட்டியும் சேவைக் கட்டணமும் ஓடத் தொடங்குகின்றன. பத்து முறை செய்தார் என்பதற்காகப் பதினோராவது முறையும் அதை உரிமையாகக் கேட்க முடியாது. கணக்கில் போதிய பணம் இருந்தும் வங்கி காசோலையைத் திருப்பினால் மட்டுமே, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி எழுதியவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு.

அந்த நல்ல மேலாளரின் கைகளையும் காலம் கட்டிவிட்டது. அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வு தொகுதி தொகுதியாக அல்லாமல் நாள் முழுதும் தொடர்ந்து நடக்கிறது. காலையில் போட்ட காசோலை அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை காசோலை கொடுத்து, செவ்வாய்க்கிழமைக்குள் பணம் புரட்டும் வித்தையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த ஒரு கடைத்தெருவுக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை.

நவம்பர் 15
வரம்பு அனுமதிக்கப்பட்ட மிகைப்பற்றுக் கணக்குக்கு (ஓ.டி.) வருகிறேன், ஏனெனில் இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த சிக்கல்களில் பெரும்பகுதி அதுவே. கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவருக்கு 25 லட்சம் வரம்பு. வெள்ளி விலை இந்த ஆண்டு ஏறிய ஏற்றத்தில், முன்பு அந்த வரம்புக்குள் வாங்கிய எடையில் பாதியளவே இப்போது வாங்க முடிகிறது; ஆனால் பட்டறையில் ஆட்கள் அதே ஆட்கள், ஆர்டர் அதே ஆர்டர். மாதந்தோறும் கொடுக்கும் சரக்கிருப்பு அறிக்கையில் மதிப்பு உயர்ந்திருப்பதால் கூடுதலாக எடுக்கலாம் என்று அவர் நினைத்தார். வங்கிக்கோ அனுமதித்த வரம்பு, சரக்கின் பேரில் கணக்கிடும் எடுப்புத் திறன், இவ்விரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. சரக்கு ஏறினாலும் வரம்பு ஏறாது; சரக்கு இறங்கினால் எல்லை இறங்கிவிடும்.

அந்த எல்லைக்கு மேல் தொடர்ந்து 90 நாட்கள் நின்றாலும், 90 நாட்கள் கணக்கில் வரவே இல்லாவிட்டாலும், வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்கே போதாவிட்டாலும் கணக்கு ஒழுங்கற்றதாகி என்.பி.ஏ., அதாவது வாராக்கடன், ஆகிவிடும். இவருக்கு வாரந்தோறும் வரவு இருந்தது. ஆனால் ஒரு நாள்கூட கடன் பாக்கி எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. வரவு இருக்கிறது என்ற தைரியத்தில் முதல் நிபந்தனையை மறந்துவிட்டார். நகை விற்ற பணத்தைக் கொண்டு எண்பதாம் நாளை ஒட்டி எல்லைக்குக் கீழே கொண்டுவந்தோம். பிறகு வரம்பை உயர்த்தக் கோரி, ஜி.எஸ்.டி. கணக்குகளுடன் முறையாக விண்ணப்பித்தோம், செப்டம்பரில் கிடைத்தது. கோடையிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டிய காகிதம் அது.

அபராதம் பற்றி ஒரு வரி: 2024 முதல், மீறலுக்கு வங்கி விதிப்பது அபராத வட்டியாக இல்லாமல் அபராதக் கட்டணமாக இருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது. அறிக்கையில் வட்டி விகிதமே இரண்டு விழுக்காடு கூடியிருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

நவம்பர் 16
ஏற்காட்டிலிருந்து கேள்வி. நாகலூர்ப் பக்கம் சில ஏக்கர் காபியும் மிளகும் வைத்திருக்கும் ஒருவர், மழைக்காலம் முழுவதும் ஓ.டி.யில் கூலி கொடுத்துவிட்டு, நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை பழம் பறித்து விற்றபின் அடைக்கிறார். "90 நாள் விதி எனக்கும் பொருந்துமா?" என்கிறார். பயிர்க்கடனாக அனுமதிக்கப்பட்டிருந்தால் கணக்கு, நாளில் இல்லை, பருவத்தில்: குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவமும், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமும் கடந்த பிறகே என்.பி.ஏ. ஆகும். அதே தோட்டத்தைக் காட்டி வணிக ஓ.டி. வாங்கியிருந்தால் 90 நாள் விதிதான். எனவே அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தில் எந்தத் திட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிலம் பறிபோகுமா என்ற பயம் அடுத்தது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில், 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றலாம். ஆனால் விவசாய நிலத்துக்கு 31-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் விவசாயம் என்று இருப்பது மட்டும் போதாது, நிலம் உண்மையாகவே விவசாயத்துக்குப் பயன்படுகிறது என்பதைக் கடன் வாங்கியவரே நிரூபிக்க வேண்டும். காபிச் செடிகளுக்கு நடுவே நான்கு சுற்றுலா விடுதி அறைகளைக் கட்டி வைத்திருப்பவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்கவும்.

நவம்பர் 17
மைத்துனரின் யோசனைக்குத் திரும்புவோம், அவரை இதுவரை விட்டுவைத்துவிட்டேன். அதே வங்கியில் உங்களுக்கு வேறு கணக்கோ வைப்புத் தொகையோ இருந்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவு தரும் பொதுப் பிடிப்புரிமையைக் கொண்டும், ஒரு கணக்கின் கடனை மற்றொன்றின் இருப்பில் ஈடுகட்டும் உரிமையைக் கொண்டும் வங்கி அதைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் தனிக்கடனுக்காக மாமியாரும் நீங்களும் சேர்ந்து வைத்திருக்கும் வைப்புத் தொகையில் கைவைப்பது பொதுவாகச் செல்லாது. ஆனாலும் அந்தச் சண்டையை வீட்டில் போடுவதைவிட 2,360 ரூபாயைக் கட்டிவிடுவது மலிவு.

வேறு வங்கிக்கே போனாலும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவு கூடவே வரும். வங்கி தன் ஏட்டில் ஒரு கடனை நீக்கி எழுதிக்கொண்டால் அது அவர்களின் கணக்கு வசதி. உங்கள் பெயருக்கு எதிரே அந்தக் குறிப்பு நிற்கும், வசூலிக்கும் உரிமையும் நிற்கும். வழக்குத் தொடர 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பது உண்மை. அதற்குள் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதினாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்குக் கையெழுத்திட்டாலோ, மூன்றாண்டு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். 20 லட்சத்துக்குக் கீழ்ப்பட்ட கடன் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகாது, உரிமையியல் நீதிமன்றம்தான்.

நவம்பர் 18
லோக் அதாலத் கடிதம் வந்துவிட்டது என்று ஒருவர் நடுங்கி எழுதியிருக்கிறார். அது சமரசத்துக்கான அழைப்பு, கைது ஆணை அன்று. போங்கள், தொகையைக் குறைத்துப் பேசுங்கள். ஆனால் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியாத தவணைக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசக் கூடாது என்பதையும் அவருக்குச் சொல்லி வைக்கிறேன்.

நவம்பர் 20
தறிக்காரர், நவம்பர் தவணையை 5-ஆம் தேதியே கடன் வங்கிக் கிளைக்குப் போய் ரொக்கமாகக் கட்டியதாக இப்போதுதான் சொல்கிறார். அந்தப் பணத்தை வங்கி நவம்பருக்கு வைத்திருக்காது, பழைய பாக்கியான செப்டம்பருக்கே வைத்திருக்கும். ஆக இன்றைய நிலையில் மிகப் பழைய பாக்கி அக்டோபர் 5. அதிலிருந்து 90-ஆம் நாள், அதாவது கடன் என்.பி.ஏ. ஆகும் நாள், 2026 ஜனவரி 3. அதற்குள் அக்டோபர் தவணையை மட்டுமாவது கட்டினால் பாக்கி வயது குறையும், ஒருமுறை என்.பி.ஏ. ஆகிவிட்டால், பாக்கி முழுவதையும் கட்டினால்தான் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். கையில் இருக்கும் பணத்தை எதற்கு முதலில் வைப்பது என்ற கேள்விக்கு என் விடை: முதலில் அக்டோபர் தவணை, அடுத்து 2,360, அதற்கடுத்து நவம்பர்.

நவம்பர் 26
கணக்கு வங்கிக்குப் போய் எழுத்தில் கேட்டதில், ஒரே தவணை இரண்டாம் முறை வந்தபோது பிடித்த 590-ஐ இரு மாதங்களுக்கும் திருப்பித் தந்துவிட்டார்களாம். மீதி 1,180-ஐக் கட்டி ரசீது வாங்கியிருக்கிறார். மறுத்திருந்தால் 30 நாள் பொறுத்து ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்திருக்கலாம். அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

இனி செய்ய வேண்டியது, தவணைத் தேதியை மாற்றக் கேட்டு கடன் வங்கிக்கு ஒரு கடிதம். இளம்பிள்ளைச் சேலை வியாபாரிகளிடமிருந்து அவருக்கு வசூல் வருவது 8-ஆம் தேதிக்கு மேல் என்கிறார். தவணை 5-இல் இருக்கக் காரணமே இல்லை. தேதி மாறும்போது பழைய தானியங்கு அனுமதியை ரத்து செய்த ஒப்புகையையும் கேட்டு வாங்குங்கள், இல்லையேல் டிசம்பரில் இரண்டு தேதிகளிலும் பணம் கேட்டு வரும்.